பத்தடி பின்னாடி நில்லு தம்பி: ஒரு பால்மரக் காட்டோட நிகழ்வு ஆய்வு

அந்தத் தம்பியோட காட்டுக்குப் போயி மோட்டார நிறுத்திட்டு ஹெல்மெட்ட கழட்டறப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, கோடு மாத்தி ஓடுது. கோடுன்னா பால் எடுக்கறதுக்காக ரப்பர் மரத்துப் பட்டையில சாய்வா வெட்டற கோடு, ரப்பர் மரத்தத்தான் நாங்க பால்மரம்னு சொல்வோம். இன்னும் மொத மரத்துக்கிட்டகூட போகல. ரோட்டோரத்துல நின்னு பாத்தா வரிசையா மரம், எல்லா மரத்துலயும் கோடு வலது பக்கம் ஒசந்து இடது பக்கம் எறங்குது. பால்மரம் வெட்டத் தெரிஞ்ச எவனும் பாத்த ஒடனே சொல்லிடுவான். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசமா எங்க வாட்சாப் குரூப்ல அந்த மரத்தப் பத்தி பேசியிருக்கோம், படம் படமா வந்திருக்கு, முப்பது வருஷம் நாப்பது வருஷம் கத்தி புடிச்சவங்க பாத்திருக்காங்க, நானும் பாத்திருக்கேன், ஒருத்தர் கண்ணுலயும் படல. ஏன் படலன்னு யோசிச்சிதான் இத எழுதறேன். தம்பிகிட்ட கேட்டு, அவன் சரி எழுதுங்க அண்ணேன்னு சொன்னப்புறம்தான் எழுதறேன், பேர் போடல.

யாரு, எந்த ஊரு

நான் இருக்கறது மலேசியாவுல கெடா மாநிலத்துல கோலக்கெட்டில். சுத்தி ஒரு காலத்துல எல்லாம் ரப்பர் தோட்டம்தான், இப்ப முக்காவாசி செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை. நான் 22 வருஷம் வெட்டுமரத்துக்கு மண்டோரா, அதாவது வெட்டுக்காரங்கள மேல்பார்வை பாக்கற ஆளா இருந்தேன், அதுக்கு முன்னாடி அம்மாகூட மங்கு, அதான் பால் புடிக்கற கிண்ணம், தொடைக்கப் போன காலத்தையும் சேத்தா சின்ன வயசுலேர்ந்தே காட்டுலதான். தோட்டம் செம்பனைக்கு மாறினதும் வெட்டுக்காரங்க செதறிட்டாங்க. வயசானவங்க புள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, எளசுங்க சுங்கைப் பட்டாணி பேக்டரிக்கும் பினாங்குக்கும் போயிட்டாங்க, மிச்சமிருக்கற பெரிய தோட்டத்துல வெளிநாட்டு ஆளுங்கதான் வெட்டறாங்க. சொந்தமா ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வெச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இந்த வேல இன்னும் வேணும், ஆனா சொல்லிக்குடுக்க பக்கத்துல ஆளு இல்ல.

முன்னாடி சொல்லிக்குடுக்கறதுக்குன்னு தனியா எடமே தேவைப்படல, ஏன்னா பெரட்டு இருந்திச்சி. விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து நிப்பாங்க, பேர் கூப்புடுவாங்க, அந்த இருட்டுல நிக்கறப்பவே பாதி விஷயம் பேசி முடிஞ்சிரும். 'உன் நெரையில நேத்து காயம் அதிகம்', 'மழை வரும்போல இருக்கு இன்னிக்கு சீக்கிரம் எடு', 'கத்திய காட்டு பாப்போம், இப்படித் தீட்டுனா எப்படி'. அப்புறம் மண்டோர் நெரைக்குள்ள நடந்து போவாரு. யாரும் கேக்காமயே நடந்து போறதுதான் மண்டோர் வேல, இத ஞாபகம் வெச்சிக்கிங்க, பின்னாடி வரும்.

தோட்டம் போனப்புறமும் நாங்க பழைய ஆளுங்க கொஞ்சம் பேரு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம யாராவது ஒருத்தர் காட்டுல கூடுவோம், வெட்டிப் பாப்போம், அங்கயே சமைச்சி சாப்புடுவோம். 2020 மார்ச் 18ல கொரோனாவுக்காக எம்சிஓன்னு நடமாட்டத் தடை போட்டாங்க, அதோட அது நின்னுபோச்சி. அடுத்த மாசம் எங்கள்ல ஒருத்தரோட மக வாட்சாப்ல குரூப் ஆரம்பிச்சி குடுத்திச்சி. புலனம் புலனம்னு அந்தப் பொண்ணு அழகா சொல்லும், நாங்க வாட்சாப்னுதான் சொல்வோம். பத்து பேர்ல ஆரம்பிச்சது ஒரு வருஷத்துல அறுபது பேருக்கு மேல போயிடுச்சி, கூலிம், பாலிங், சுங்கை சிப்புட், பகாவ்லேர்ந்துகூட ஆளு வந்து சேந்தாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா அழிஞ்சிபோச்சின்னு நெனச்ச ஒரு வேலைக்கு அறுபது பேரு இருக்காங்கன்னு அப்பதான் தெரிஞ்சிச்சி.

தம்பி பாடாங் செராய் பக்கம். கூலிம்ல ஒரு பேக்டரியில ஷிப்ட் வேல பாத்துக்கிட்டு இருந்தான். அவங்கப்பா நல்ல வெட்டுக்காரர், எனக்கே அவரத் தெரியும், காயமே இல்லாத மரம்னா அவரு மரம்தான். மூணு ஏக்கர்ல மறுநடவு பண்ணி ஏழு வருஷமா வளத்தாரு, மரம் கோடு போடற பதத்துக்கு வர்ற நேரத்துல பக்கவாதம் வந்து வலது கை வலது கால் போயிடுச்சி, பேச்சும் போயிடுச்சி. பையன் வேலைய விட்டுட்டு வந்துட்டான். 2021 மே மாசம் அவனே தனியா 400 சொச்சம் மரத்துக்கு கோடு போட்டான். மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாத நேரம், நாங்க பாலிங் மாவட்டம் அவன் கூலிம் மாவட்டம், யாரும் போயி பக்கத்துல நிக்கல. அவனுக்கு இருந்த வாத்தியார் போன்தான்.

நான் எடுத்த வீடியோ

2020 ஜூன் மாசம் நான் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ எடுத்து குரூப்ல போட்டேன், கோடு போடறதுலேர்ந்து கத்தி புடிக்கறது வரைக்கும். ஒத்தாசைக்கு ஆளு இல்ல, போன பக்கத்து மரத்துல கயிறு போட்டு கட்டி, நான் தெரியறேனா கை தெரியுதான்னு பாத்துக்கணுமேன்னு முன்பக்க கேமராவுல எடுத்தேன். அதாவது செல்பி கேமரா. எடுத்து ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன், குரல் கேக்குது, கத்தி தெரியுது, சரின்னு அனுப்பிட்டேன்.

செல்பி கேமரா கண்ணாடி மாரி. என் போன்ல அது திருப்பினபடியேதான் சேவ் ஆகும். என் வலது கை அதுல இடது கை, இடப்பக்கம் ஒசந்த கோடு அதுல வலப்பக்கம் ஒசந்து தெரியும். நான் பாத்தப்ப எனக்கு அது ஒறைக்கவே இல்ல, ஏன்னா கண்ணாடியில பாக்கற மாரி தன்னத் தானே பாத்து பழகின கண்ணு, அது மட்டும் இல்லாம நான் என் வெட்டப் பாக்கல, வீடியோ நல்லா வந்திருக்கான்னு பாத்தேன்.

சரி, எனக்குத் தெரியல, மத்தவங்களுக்கு? இங்கதான் நான் ரொம்ப நாள் யோசிச்சேன். கேட்டும் பாத்தேன், ஒவ்வொருத்தரா போன் போட்டு கேட்டேன். பழைய ஆளுங்க யாரும் அந்த வீடியோவ முழுசா பாக்கல. மண்டோர் போட்டிருக்காரு, நமக்குத் தெரியாததா, நல்லாத்தான் இருக்கும்னு கைய தூக்கிக் காட்டற படத்த போட்டுட்டு போயிட்டாங்க. முழுசா பாத்தவங்க எல்லாம் புதுசா கத்துக்க வந்தவங்க, அவங்களுக்கு எது சரின்னு தெரியாது. தெரிஞ்சவன் பாக்கல, பாத்தவனுக்குத் தெரியாது. ஒரு வருஷம் அந்தத் தப்பு அப்படியே கெடந்திச்சி, பத்து இருவது பேரு அத நல்லதுன்னு வேற குரூப்புக்கும் அனுப்பியிருக்காங்க. அதே வெட்ட நான் காட்டுல நின்னு செஞ்சிருந்தா பின்னாடி நிக்கற கெழவி ஒண்ணு 'என்னய்யா இது'ன்னு அப்பவே கேட்டிருக்கும்.

கோடு ஏன் இடப்பக்கம் ஒசரணும்

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிக்கறேன். மரத்துக்கு நேரா நின்னா கோடு இடது பக்கம் மேலயும் வலது பக்கம் கீழயும் இருக்கணும், ஒட்டுமரத்துக்கு சாய்வு 30 டிகிரி. வழக்கத்துக்காக அப்படிப் போடல. பட்டைக்குள்ள இருக்கற பால் கொழாய் செங்குத்தா மேல போகாது, கீழேர்ந்து மேல போகறப்ப ஒரு மூணு நாலு டிகிரி வலது பக்கம் சாஞ்சிக்கிட்டே மரத்த சுத்தி ஏறும். அதுக்கு குறுக்க வெட்டுனாதான் நெறைய கொழாய் அறுபடும். மாத்தி வெட்டுனா கோடு கொழாயோட சாய்வுக்கு ஒத்து போயிரும், அதே நீளத்துக்கு வெட்டுனாலும் அறுபடற கொழாய் கொறைவு.

ஆழமும் அப்படித்தான். பால் கொழாய் அதிகமா இருக்கறது உள்பட்டையில, மரத்துல ஒட்டியிருக்கற அந்த மெல்லிசான வளர்ற படலத்துக்கு பக்கத்துல. அதத் தொட்டா காயம், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வளந்து பின்னாடி வெட்டவே முடியாது. தொடாம ஒரு மில்லிமீட்டர், ஒண்ணரை மில்லிமீட்டர் விட்டுட்டு நிறுத்தணும். அந்த நிறுத்தம் கைக்குத்தான் தெரியும். கத்தி போற சத்தம் மாறும், சீவல் விழற விதம் மாறும். 1890களில சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு தலைவரா இருந்த வெள்ளைக்காரர் ரிட்லி அங்க மரத்த கொத்தாம அதே கோட்ட மெல்லிசா சீவி சீவி பால் எடுக்கற முறைய காட்டினதுலேர்ந்து, நம்ம தாத்தா பாட்டி கைக்கு அது வந்தது வரைக்கும், எல்லாம் ஒருத்தர் கைய இன்னொருத்தர் புடிச்சி சொல்லிக்குடுத்ததுதான். எங்கம்மா என் கைமேல அவங்க கைய வெச்சி இழுத்தாங்க, அந்த கனம் இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

படம் போச்சி, பதில் வந்துச்சி

ஜூலை மாசம் தம்பி மொத படம் போட்டான். மங்குல பாதிகூட இல்லாத பால். கீழ 'அண்ணே மாமா எல்லாரும் பாத்து சொல்லுங்க, பால் கொறையுது'ன்னு எழுதியிருந்தான். அப்புறம் கோட்ட கிட்டக்க எடுத்து ரெண்டு படம். சாயங்காலத்துக்குள்ள பதினாலு பதில். ஒரம் போடலன்னு ஒருத்தர், மழை அதிகம்னு ஒருத்தர், பத்து நாள் ஓய்வு குடுன்னு ஒருத்தர், இது பட்டை வறட்சி, மரம் போச்சின்னு ஒருத்தர். பகாவ் பக்கம் இருக்கற ஒருத்தர் எத்திபோன் மருந்து தடவு, ரெண்டே வாரத்துல பால் கொட்டும், நான் அப்படித்தான் செய்யறேன்னு சொன்னாரு. அவரு பொய் சொல்லல. அவரு மரம் வயசான மரம், நாலு நாளைக்கு ஒரு தடவ வெட்டறாரு, அதுக்கு அளவா மருந்து வெக்கறது சரியான முறைதான். தம்பி மரம் புதுசா கோடு போட்ட மரம். ஆனா அவருக்கு அது தெரியாது, அவரு கேக்கல, தம்பியும் சொல்லல.

நானும் பதில் போட்டேன். நாப்பது செகண்டு குரல் பதிவு. அத இப்ப திரும்ப கேட்டேன், வயித்த என்னமோ பண்ணுது. 'தம்பி, மொதல்ல கோட்டோட சாய்வு சரியா இருக்கான்னு பாரு, அது சரியா இல்லன்னா எது செஞ்சாலும் பிரயோசனம் இல்ல.' சரியான எடத்துலதான் கைய வெச்சேன். அவன் என்னா பதில் போட்டான்னா, 'பாத்துட்டேன் அண்ணே, உங்க வீடியோவுல இருக்கற மாரியேதான் இருக்கு.' நான் சரி தம்பின்னு விட்டுட்டேன். அளவுகோலே தப்பு, அத வெச்சி அளந்தா எல்லாம் சரியாத்தான் வரும்.

படத்துலயாவது தெரிஞ்சிருக்கணுமேன்னு கேக்கலாம். குரூப்ல மேல போயி எல்லா படத்தையும் எடுத்து வெச்சி பாத்தேன். ஒண்ணுலகூட மரம் முழுசா இல்ல. தம்பிக்கு கவலை கோடு காஞ்சி போறது, அதனால அத கிட்டக்க போயி எடுத்திருக்கான், பட்டையோட நொணுக்கம் எல்லாம் தெளிவா இருக்கு. கிட்டக்க எடுக்கறப்ப யாரும் செய்யற மாரி கோடு படத்துல நேரா வரட்டும்னு போன கோட்டுக்கு ஏத்தபடி சாச்சி புடிச்சிருக்கான். கோடு படுக்கையா இருக்கு. எந்தப் பக்கம் ஒசரம், எவ்வளவு சாய்வு, தரையிலேர்ந்து எவ்வளவு தூரம், ஒண்ணும் அதுல இல்ல. ஒரே ஒரு படத்துல மட்டும் பால் ஒழுகற தெசையப் பாத்தா கண்டுபுடிக்கலாம், ஆனா அதுக்கு சந்தேகப்பட்டு பாக்கணும்.

கேக்கறவன் தனக்கு எது பிரச்சினையா தெரியுதோ அதத்தான் காட்டுவான். அவனுக்கு எது தெரியலையோ அது படத்துக்கு வெளிய இருக்கும். நேர்ல போறவன் அந்த வெளியத்தான் மொதல்ல பாக்கறான், நடந்து வர்றப்பவே பாக்கறான், அவன காட்டச் சொல்லி யாரும் கேக்கல, அவனும் காட்டுன்னு யாரையும் கேக்கல. மண்டோர் நெரைக்குள்ள சும்மா நடந்ததுக்கு அதான் அர்த்தம்னு 22 வருஷம் நடந்த எனக்கு அப்பதான் முழுசா வெளங்கிச்சி.

ஆகஸ்டு மாசம் தம்பி மருந்து தடவினான். பால் ஏறிச்சி, குரூப்ல படம் போட்டான், மங்கு நெறைய, எல்லாரும் வாழ்த்து சொன்னோம். மூணு வாரம். அப்புறம் பால் தண்ணியா வந்திச்சி, ரொம்ப நேரம் சொட்டிக்கிட்டே இருந்திச்சி, பின்ன கோட்டுல ஒரு பக்கம் காஞ்சிச்சி. இந்தத் தடவ அவன் குரூப்ல போடல, வெக்கமா இருந்திச்சாம், அத்தன பேரு வாழ்த்து சொன்னாங்களேன்னு. எனக்கு தனியா ஒரு வரி அனுப்பினான்: 'அண்ணே ஒரு தடவ வர முடியுமா.'

போயி பாத்தது

செப்டம்பர் கடைசியில போக வழி கெடைச்சிச்சி. காலைல ஆறரைக்கெல்லாம் போயிட்டேன். கோடு மாத்தி ஓடறத ரோட்லேர்ந்தே பாத்தேன்னு சொன்னேன் இல்ல, ஒண்ணும் சொல்லாம மொத மரத்துக்கிட்ட போயி, 'வெட்டு தம்பி, பாக்கறேன்'னு சொன்னேன். 'இப்பவா அண்ணே, எட்டரைக்கு மேலதான் வெட்டுவேன், அப்பாவ குளிப்பாட்டி கஞ்சி குடுத்துட்டு வர்றதுக்கு அவ்வளவு நேரம் ஆயிடும்'னான். குரூப்ல யாரும் எத்தன மணிக்கு வெட்டறன்னு கேட்டதே இல்ல. விடியக்காலைல பட்டைக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும், வெயில் ஏற ஏற இலை தண்ணிய இழுக்க ஆரம்பிச்சா அழுத்தம் எறங்கும், பாலும் எறங்கும். எந்த வெட்டுக்காரனும் அறிஞ்சது, அறிஞ்சதாலயே யாரும் வாய்விட்டு சொல்லல.

வெட்டினான். கத்தி வலதுகைக்காரன் இந்தப் பக்கம் இழுக்கற கத்தி, அவன் அந்தப் பக்கம் கோட்டுக்கு மணிக்கட்ட திருப்பி மடக்கி இழுக்கறான், பாவம், எப்படித்தான் தெனமும் 400 மரம் வெட்டினானோ. பாதி கோட்டுல கத்தி மேலாக்க போவுது, பாதியில உள்ள குத்துது. கீழ விழுந்த சீவல எடுத்து பாத்தேன், மூணு மில்லிமீட்டர் கனம் இருக்கும். பக்கத்துல என் கத்தியால ஒரு சீவல் எடுத்து அவன் உள்ளங்கையில ரெண்டையும் வெச்சேன். ஒண்ணு ரொட்டி ஓரம் மாரி, ஒண்ணு வெங்காயத் தோல் மாரி. அவன் ரெண்டையும் வெரலால தடவிக்கிட்டே நின்னான். 'மெல்லிசா வெட்டுன்னு எத்தன தடவ சொன்னீங்க அண்ணே, நான் மெல்லிசாத்தான் வெட்டறேன்னு நெனச்சேன்'னான். மெல்லிசுங்கற வார்த்தைக்குள்ள அளவு இல்ல, என் கையில இருந்திச்சி, குரல் பதிவுல அது போகல.

'எத்தன நாளைக்கு ஒரு தடவ வெட்டற?' 'மழை இல்லன்னா தெனமும் அண்ணே.' புது மரத்த ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, இல்ல மூணு நாளைக்கு ஒரு தடவ வெட்டணும். மழ நாள் போக ஒரு எண்பது வெட்டு வெட்டியிருக்கான். எண்பது வெட்டு, வெட்டுக்கு மூணு மில்லிமீட்டர், 24 சென்டிமீட்டர் பட்டை. ஒரு வருஷத்துக்கு எடுத்து வெச்ச பட்டைய அஞ்சு மாசத்துக்குள்ள தின்னாச்சி.

அப்புறந்தான் கேட்டேன், கோடு இப்படி போட யாரு சொன்னான்னு. 'நீங்கதான் அண்ணே'ன்னு போன எடுத்து என் வீடியோவ ஓட்டினான். மரத்துக்கு பக்கத்துலயே போன புடிச்சி ரெண்டு பேரும் பாத்தோம். என் சட்டையில நெஞ்சுல இருக்கற எழுத்து இடவலம் மாறி கெடக்கு. எனக்குப் பின்னாடி மரத்துல வெள்ளப் பெயின்ட்டுல எழுதியிருக்கற நம்பரும் திரும்பி கெடக்கு. பதினோரு நிமிஷமும் அது கண்ணு முன்னாடியே இருக்கு. அவன் தகரத்த வெட்டி அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்து சாய்வுத் தகடு ஒண்ணு செஞ்சி வெச்சிருந்தான், அவ்வளவு சுத்தமா, ஓரத்துல கை கிழிக்காம இருக்க அரம் போட்டு ராவி. 30 டிகிரி கச்சிதமா இருந்திச்சி. பக்கம் மட்டும் மாறி.

நான் அங்கயே மன்னிப்பு கேட்டேன். அவன் அதெல்லாம் வேணாம் அண்ணேன்னான், ஆனா கேக்கணும்.

வீட்டுக்குப் போயி அவங்கப்பாவ பாத்தேன். படுக்கையில இருந்தாரு, என்னப் பாத்ததும் கண்ணு கலங்கிச்சி. தம்பிகிட்ட கேட்டேன், அப்பாகிட்ட படம் எதுவும் காட்டினியான்னு. 'மொத நாள் கோடு போட்டுட்டு மரத்தோட நின்னு போட்டோ எடுத்து காட்டினேன் அண்ணே, தலைய தலைய ஆட்டினாரு, இடது கைய இப்படி இப்படி வீசினாரு. வேல போதும் வந்து சாப்புடுன்னு சொல்றாருன்னு நெனச்சேன்.' அந்த போட்டோவ வாங்கிப் பாத்தேன். பத்தடி தள்ளி வெச்சி எடுத்தது, மரம் முழுசா, கோடு முழுசா தெரியுது. நாலு மாசத்துல எடுத்ததுலயே பிரயோசனமான ஒரே படம் அதான், அது குரூப்புக்கு வரவே இல்ல, ஏன்னா அது பிரச்சினைய கேக்கறதுக்காக எடுத்த படம் இல்ல.

எது எவ்வளவு சேதம்

மரம் மரமா கத்தி முனையால கோட்டுக்கு கீழ குத்திக் குத்திப் பாத்தோம், பால் வருதா இல்லையான்னு. 37 மரத்துல கோட்டுல பாதிக்கு மேல காஞ்சிருந்திச்சி. என் மதிப்புல பெரிய சேதம் பண்ணது தெனம் வெட்டினதும் அதுமேல மருந்து வெச்சதும். மருந்து என்னா பண்ணும்னா கொழாய் வாய் அடைக்கறத தள்ளிப் போடும், பால் நெறைய நேரம் ஓடும், மரம் அத திரும்ப சேக்கறதுக்கு நாள் வேணும். நாள் குடுக்காம அடுத்த நாளே வெட்டுனா மரம் எங்கேர்ந்து குடுக்கும். கோடு மாறினதால போன பால் அத விட கொறைவுதான், ஆனா எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுதான். கோடு மாறினதால கத்தி உக்காரல, கத்தி உக்காராததால கனமா வெட்டினான், பாதி எடத்துல மேலாக்க போயி பால் கொறைஞ்சிச்சி, பால் கொறைஞ்சதால தெனமும் வெட்டினான், அதுவும் பத்தலன்னு மருந்து. ஒண்ணோட கைய ஒண்ணு புடிச்சிக்கிட்டு வந்திச்சி. குரூப்ல நாங்க ஒவ்வொருத்தரும் அதுல ஒரு கண்ணிய மட்டும் பாத்து பதில் சொன்னோம்.

போன்ல எதுவும் நடக்காதுன்னு நான் சொல்ல வரல. பெஸ்டலோத்தியோப்சிஸ்னு ஒரு இலை நோய், வட்ட வட்டமா பழுப்பு புள்ளி விழுந்து இலை கொட்டற நோய், அது பரவின நேரத்துல குரூப்தான் எங்கள காப்பாத்திச்சி. இலைய வெள்ளத் தாள்ல வெச்சி படம் எடுத்து அனுப்பினா போதும், இலை தட்டையானது, புள்ளி அதுலயேதான் இருக்கு, பாத்தவன் சரியா சொல்லிடலாம். ஒட்டுப்பால் வெல, அரசாங்க ஊக்கத்தொகைக்கு எப்ப மனு போடறது, மழைத் தடுப்பு எங்க கெடைக்கும், இதெல்லாம் நேர்ல பேசறத விட போன்லதான் நல்லா நடக்குது. சுங்கை சிப்புட்ல இருக்கற ஒரு அக்கா புருஷன் போனப்புறம் தனியா ரெண்டு ஏக்கர் பாத்துக்குது, அதுக்கு இந்த குரூப் இல்லன்னா பேசக்கூட ஆளு இல்ல. ஆம்பளைங்க கூடற எடத்துக்கு அது வந்திருக்காது, குரூப்ல தைரியமா கேக்குது, அதோட கேள்விங்கதான் இருக்கறதுலயே நல்ல கேள்வி. அதனால குரூப்ப மூடிடலாம்னு ஒருத்தர் சொன்னப்ப நான் ஒத்துக்கல.

மாத்தினது

ரெண்டு வாரம் பேசி சண்டை போட்டு சிலத மாத்தினோம். பிரச்சினைன்னு கேக்கறவங்க மொத படம் பத்தடி தள்ளி நின்னு எடுக்கணும், மரம் அடியிலேர்ந்து தெரியணும், போன நேரா புடிக்கணும். அப்புறம் கிட்டக்க எடுத்துக்கலாம். சீவல ஒரு 20 சென் காசு பக்கத்துல செங்குத்தா நிறுத்தி ஒரு படம். எத்தன மணிக்கு வெட்டற, எத்தன நாளைக்கு ஒரு தடவ, மரத்துக்கு என்னா வயசு, இந்த மூணும் எழுதாம யாரும் பதில் சொல்லக்கூடாது. முக்கியமா, பதில் சொல்ற மொத ஆளு பதில் சொல்லக்கூடாது, கேள்விதான் கேக்கணும். இதுக்குத்தான் ரொம்ப எதிர்ப்பு. தெரிஞ்சத ஒடனே சொல்றதுல ஒரு சந்தோஷம் இருக்கு, நாலு பேரு பாக்கறாங்க இல்ல, கேள்வி கேட்டா தெரியாதவன் மாரி ஆயிடுமோன்னு பெரியவங்களுக்கு சங்கடம். நான் மொதல்ல கேக்க ஆரம்பிச்சேன், இப்ப நெறைய பேரு கேக்கறாங்க. பகாவ் அண்ணன்தான் இப்ப எல்லாருக்கும் முன்னாடி 'மரத்துக்கு என்னா வயசு'ன்னு கேக்கறாரு, அந்த மருந்து விஷயம் அவர ரொம்ப வருத்திடுச்சி.

வீடியோ போட்டா பழைய ஆளு ரெண்டு பேரு முழுசா பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் குரூப்புக்கு வரும். என் பழைய வீடியோவ அழிச்சாச்சி, வேற குரூப்புக்கு போனத புடிக்க முடியல, தெரிஞ்ச எடத்துக்கெல்லாம் ஒவ்வொன்னா சொல்லி அனுப்பினேன், ஒரு ரெண்டு பேரு அதே மாரி கோடு போட்டிருந்தது தெரிஞ்சிச்சி, நல்ல வேளையா ஆரம்பத்துலயே. ஞாயித்துக்கெழம கூடறதும் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. கத்தி புடிக்க வர்றவங்க மொத பத்து வெட்ட ஒருத்தர் பக்கத்துல நின்னுதான் வெட்டணும், அத படத்துக்கு விடறதில்ல.

தம்பி காட்டுல அந்தக் கோட்ட அப்படியே நிறுத்திட்டோம். ஆறு மாசம் ஓய்வு. 37ல 14 மரம் திரும்ப பால் குடுக்குது, மிச்சம் குடுக்கல. நல்ல மரத்துக்கு எல்லாம் மறுபக்க பட்டையில புதுசா கோடு போட்டோம், இடப்பக்கம் ஒசரமா, மூணு நாளைக்கு ஒரு தடவ. அவன் அத்தை காலைல வந்து அப்பாவ பாத்துக்குது, அவன் ஆறு மணிக்கு மரத்துல இருக்கான். புதுக் கோடு போட்ட அன்னிக்கு அவங்கப்பாவ வேன்ல ஏத்தி ரோட்டோரம் வரைக்கும் கொண்டாந்தோம். கண்ணாடிய எறக்கிவிட்டு நெரையப் பாத்தாரு. கைய வீசல.

புது வீடியோவும் எடுத்தாச்சி. இந்தத் தடவ தம்பிதான் எடுத்தான், பின்பக்க கேமராவுல, என் எதிர நிக்காம என் தோளுக்குப் பின்னாடி நின்னு, கத்துக்கறவன் நிக்கற எடத்துலேர்ந்து. எடுத்து முடிச்சி குரூப்புக்கு போடறதுக்கு முன்னாடி எனக்கு தனியா அனுப்பி கீழ எழுதியிருந்தான்: 'அண்ணே, மரத்து நம்பர் சரியா படிக்க முடியுதான்னு பாத்து சொல்லுங்க.' முழுசா பாத்தேன், ரெண்டு தடவ. நம்பர் 118. நேராத்தான் இருந்திச்சி.